ரோஸ் ஹில் லக்கூரில் மேட்டுப்பாத்தி: தோண்டினால் கல்தான் வருகிறது, எப்படித் தொடங்குவது?

கல்லுமண் | 6 மே 2023

எல்லாருக்கும் வணக்கம். மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் மாமியார் வீட்டோடு வந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் லக்கூர், அதாவது முற்றம், ஐந்து மீட்டருக்கு நாலு மீட்டர் சும்மா கிடக்கிறது. கொத்தமல்லி விதைக்கலாம் என்று காலையில் மண்வெட்டியைப் போட்டேன். இரண்டு அங்குலத்தில் டங் என்றது. தள்ளிப் போட்டேன், அங்கேயும் டங். அரை மணி நேரத்தில் ஒரு வாளி கருங்கல், வீடு கட்டும்போது கொட்டிய சிமென்ட் கட்டி, ஒற்றைச் செருப்பு ஒன்று. மண் என்று பார்த்தால் இரண்டு கை அளவு. மண்வெட்டி முனை மடங்கிப்போனதுதான் மிச்சம்.

தோண்ட முடியாவிட்டால் மேலே கட்டிவிடலாம் என்று மேட்டுப்பாத்தி வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லாரும் பலகையில் அழகான பெட்டி செய்கிறார்கள். வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் பழைய பலேட் (சரக்கு அடுக்குகிற மரத் தட்டு) சும்மா கொடுப்பார்கள். எட்டடிக்கு நாலடி, ஓர் அடி உயரம் என்று திட்டம். 25 லிட்டர் மண் மூட்டை 12 வாங்கிவைத்துவிட்டேன். போதும்தானே? முதல் முறை, திட்டாமல் சொல்லுங்கள்.

திரியோலே பெரியவர் | 6 மே 2023

மகளே, அந்தக் கல்லை எங்கே போட்டீர்கள்? வெளியே எறிந்துவிடாதீர்கள். உங்கள் பாத்திக்குச் சுவர் அதுதான்.

நான் முப்பத்திரண்டு வருடம் கரும்பு போட்டவன். இந்தத் தீவு எரிமலைக் கல். எங்கள் பாட்டன்மார் வயலில் பொறுக்கிய கல்லை நடுவில் மலை மாதிரி குவித்துவைத்தார்கள். இன்றைக்கும் கரும்புக் காட்டில் அந்தக் குவியல்கள் நிற்கின்றன. அவற்றின் ஓரத்தில் நாலு கல்லை வளைத்து வைத்து, நடுவில் சாணமும் சருகும் கொட்டி, அம்மா கீரை போடுவாள். மேட்டுப்பாத்தி என்று அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே எனக்கு நீங்கள் எழுதித்தான் தெரிகிறது.

பெரிய கல் கீழே, சின்னது மேலே. சுவர் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், நேராக வைத்தால் மழையில் ஊறிய மண் தள்ளிவிடும். சிமென்ட் பூச வேண்டாம், தண்ணீர் இடுக்கு வழியாகத் தானே போய்விடும். அகலம் நாலடிக்கு மேல் வேண்டாம். இந்தப் பக்கம் நின்றால் கை நடுவரைக்கும் எட்ட வேண்டும். ஏறி மிதித்தால் மண் இறுகிவிடும், அப்புறம் பாத்தி கட்டியதே வீண்.

கணக்குப்பிள்ளை | 7 மே 2023

தொழில் பழக்கம், கணக்கு போட்டுவிட்டேன். 8 × 4 × 1 என்றால் 32 கன அடி, ஏறக்குறைய 900 லிட்டர். உங்கள் 12 மூட்டை 300 லிட்டர். பாத்தியில் கொட்டினால் நாலு அங்குலம் நிற்கும். மீதிக்கு இன்னும் 24 மூட்டை வேண்டும், அந்தப் பணத்துக்கு இரண்டு வருடம் சந்தையில் கீரை வாங்கலாம்.

ஆறடிக்கு மூன்றடியாகக் குறையுங்கள். 18 கன அடி, 500 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கமியோனெட்டில் (சின்னச் சரக்கு வண்டி) மேல்மண் அரைப் பாரம் இறக்கினால் முடிந்தது. மூன்றில் இரண்டு பங்கு மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு. மூட்டையில் விற்பதை மட்டுமே நிரப்பினால் ஆறு மாதத்தில் பாதியாக அமுங்கிவிடும், ஏனென்றால் அதில் பெரும்பாலும் மண்ணே கிடையாது.

பலேட் என்றால் முத்திரையைப் பாருங்கள். எச்டி என்றிருந்தால் சூடு காட்டிய மரம், பரவாயில்லை. எம்பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, கிட்டேயே போகாதீர்கள். முத்திரையே இல்லாததும் வேண்டாம், எண்ணெய் கறை பிடித்ததும் வேண்டாம்.

ஒரு கேள்வி. பின்பக்கம் என்றால் எந்தத் திசை?

கியூர்ப்பீப் மழைக்காரி | 7 மே 2023

பலேட் முத்திரை பார்த்து வாங்கியவள் நான். எச்டிதான். புகை போட்டதோ சூடு காட்டியதோ, கறையானுக்கு இரண்டும் விருந்துதான் அக்கா. எட்டாவது மாதம் பக்கப் பலகையை விரலால் குத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. வெளியே வண்ணம் பளபளக்கிறது, உள்ளே தாள் மாதிரி ஒரு தோல்தான். அதற்குள் அவை பாத்தியிலிருந்து வீட்டுக் கதவு நிலைக்குப் போகும் வழியையும் பார்த்துவைத்திருந்தன. கதவு மாற்றிய செலவை இங்கே எழுதினால் மாமியார் படித்துவிடுவார்.

இங்கே எல்லாரும் கார்யா கார்யா என்கிறார்களே, கறையானைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கல்லுமண் | 7 மே 2023

சரி, பலேட் வேண்டாம்! கணக்குப்பிள்ளை அண்ணா, பின்பக்கம் தெற்கு. வீடியோவில் தெற்குப் பார்த்த இடம்தான் நல்லது, வெயில் நிறைய வரும் என்றார்கள்.

கணக்குப்பிள்ளை | 8 மே 2023

அந்த வீடியோ எடுத்தவர் இங்கிலாந்தில் இருப்பார். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். நமக்குக் குளிர்காலச் சூரியன் வடக்கே போய்விடும். ஜூன் கடைசியில் உச்சிவேளையில்கூட 46 பாகைதான் ஏறும். உங்கள் வீடு ஒரே தளம், மூன்றரை மீட்டர் உயரம் என்று வைத்தால், பின்னால் மூன்றேகால் மீட்டருக்கு மேல் நிழல் விழும். உங்கள் லக்கூரே நாலு மீட்டர். டிசம்பரில் தலைக்கு நேர் மேலே வரும், அப்போது பிரச்சினை இல்லை. ஆனால் தக்காளி நன்றாக வருகிற மாதங்கள் முழுக்க இருட்டு.

பக்கவாட்டில் இடம் இருக்கிறதா? காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரை மட்டும் என்றால் நாலு மணி நேரம் போதும்.

நெல்லைத் தம்பி | 8 மே 2023

வணக்கம். நான் இங்கே மொரிஷியஸில் கோரமண்டல் என்கிற ஊர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன், ஊர் திருநெல்வேலி. வந்து பதினாலு மாதம். இந்தக் கல்லைப் பார்த்தால் எங்கள் ஊர் கரிசலைத் தங்கத்தட்டில் வைக்கலாம் போலிருக்கிறது.

அக்கா, இப்போது அவசரப்படாதீங்க. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பார்கள். ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கு, அதற்குள் பாத்தியைத் தயார் செய்யுங்க. அடியில் அரையடிக்கு ஜல்லி போட்டால் தண்ணீர் நிற்காது. அப்புறம் எனக்கும் ஒரு சந்தேகம், எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடி பெரிசாகக் கிடக்கிறது, அங்கே இதே மாதிரி கட்டலாமா?

கணக்குப்பிள்ளை | 8 மே 2023

தம்பி, மாடி வேண்டவே வேண்டாம். ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல். ஓர் அடி ஆழம் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ. வீட்டுத் தளத்தை 150, 200 கிலோவுக்குத்தான் கணக்குப் பண்ணுவோம், ஆள் ஏறாத மாடிக்கு அதைவிடக் குறைவு. 1960இல் கரோல் புயல் அடித்த பிறகு இங்கே எல்லாரும் கான்கிரீட்டுக்கு மாறினார்கள், அந்த டால் (கான்கிரீட் தளம்) காற்றைத் தாங்கும், தோட்டத்தைத் தாங்கும் என்று யாரும் கட்டவில்லை. பெயின்ட் வாளி நாலு, சுவரும் தளமும் சேருகிற ஓரத்தில் வையுங்கள். பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு.

ஜல்லியும் வேண்டாம். எல்லாரும் செய்கிற தப்பு அது. பொடி மண்ணிலிருந்து தண்ணீர் சட்டென்று ஜல்லிக்குள் இறங்காது, மேல்மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் இறங்கும். அப்படியென்றால் ஈரம் நிற்கிற மட்டத்தை வேருக்குப் பக்கத்தில் நாமே தூக்கி வைக்கிறோம். அடியில் மண்ணும் மண்ணும் தொட்டுக்கொண்டிருப்பதுதான் வடிகால்.

திரியோலே பெரியவர் | 9 மே 2023

நெல்லைத் தம்பி சொன்ன பழமொழியை எங்கள் ஆயாவும் சொல்வாள். அவளுக்கு அவள் பாட்டி சொன்னது. கப்பலில் பழமொழியும் வந்தது, பருவம்தான் வரவில்லை!

இங்கே ஆடி என்றால் போர்வைக்குள் இருந்து எழ முடியாத குளிர். மழை நவம்பருக்குப் பிறகுதான் வலுக்கும், ஏப்ரல் வரை பெய்யும். தம்பி ஊரில் தை மாதம் அறுவடை, நமக்கு அது புயல் மாதம். ஆகவே மகளே, காத்திருக்க வேண்டாம். கொத்தமல்லி, பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், தக்காளி எல்லாம் இப்போதே போடலாம், குளிரில்தான் அவை நன்றாக வரும். கொத்தமல்லியை டிசம்பரில் விதைத்துப் பாருங்கள், ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடும். பீர்க்கு, புடல், பாகல், வெண்டை எல்லாம் குளிர் விட்ட பிறகு, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கலாம்.

மேற்குக்கரை | 9 மே 2023

எல்லாரும் ஒரே பாட்டுப் பாடுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிப் பாடுகிறேன். ஆல்பியோனில் நான் கட்டிய மேட்டுப்பாத்தியை இரண்டாவது வருடமே இடித்தேன். கல் சுவர் வெயிலில் அடுப்பு மாதிரி காய்கிறது. காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கு இல்லை. அக்டோபர், நவம்பரில் குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும், ரப்பர் குழாய் பிடிக்கக்கூடாது என்று தடையும் வரும். இப்போது தரைக்கு ஒரு சாண் கீழே தாழ்வான பாத்தி வைத்திருக்கிறேன். சுற்றிலும் வரப்பு, மேலே கரும்புச் சோகை. பாதித் தண்ணீர் போதும்.

மேட்டு நிலத்தில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டர் வரை பெய்கிறது, எங்கள் கரையில் 1000கூட இல்லை. கியூர்ப்பீப்காரர்கள் மேட்டுப்பாத்தி கட்டட்டும். எங்களுக்குப் பள்ளப்பாத்திதான்.

கியூர்ப்பீப் மழைக்காரி | 9 மே 2023

மேற்குக்கரை அண்ணன் சொல்வது சரிதான். என் வீட்டில் தாழ்வாக வைத்தால் தாமரை வளர்க்கலாம்.

ரோஸ் ஹில் இரண்டுக்கும் நடுவே. முக்கால் அடி போதும் அக்கா.

கல்லுமண் | 11 ஜூன் 2023

கட்டியாகிவிட்டது! படம் ஏற்ற முயன்றேன், ஏறவில்லை, எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்குக் கிழக்கே மதில் வரை ஒரு சந்து இருக்கிறது, துணி காய்கிற இடம். ஒரு சனிக்கிழமை முழுக்க மணிக்கு ஒரு தடவை போய் நிழல் எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டேன். காலை ஏழரையிலிருந்து ஒரு மணி வரை வெயில். ஆறடிக்கு மூன்றடி அங்கேதான். கொடிக்கயிறு இடம் மாறியதில் மாமியாருக்குக் கோபம், கீரை வந்தால் தீரும்.

கல் சுவர் மூன்று முறை சரிந்தது. மூன்றாவது முறை பெரியவர் ஐயா சொன்ன 'உள்பக்கம் சாய்' நினைவு வந்தது. அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, நனைத்துப் பரப்பினேன். களை வராதாம், பிறகு அதுவே மக்கிவிடுமாம். மேலே மண். எரு கொஞ்சம் குறைந்தது. சாறு பிழிகிற கடையில் கரும்புச் சக்கை சும்மா கிடைத்தது, மூன்று சாக்கு கலந்துவிட்டேன். வரிசையாக பீன்ஸ், கொத்தமல்லி, ஓரத்தில் கீரை.

ஒரு நிமிடம், வாங்கிய 12 மூட்டையும் போட்டுத்தான் நிரம்பியது.

மேற்குக்கரை | 11 ஜூன் 2023

சக்கையை மேலே பரப்பினீர்களா, மண்ணோடு கலந்தீர்களா?

கல்லுமண் | 11 ஜூன் 2023

கலந்தேன். ஏன்?

மேற்குக்கரை | 11 ஜூன் 2023

ஒன்றுமில்லை. மூன்று வாரம் கழித்துப் பேசலாம்.

கல்லுமண் | 3 ஜூலை 2023

மூன்று வாரம் ஆகிவிட்டது, பேசுங்கள் அண்ணா. பீன்ஸ் நாலு இலை விட்டு அப்படியே நிற்கிறது. கீழ் இலை எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சள். கீரையும் வெளுத்துவிட்டது. தண்ணீர் அளவோடுதான் ஊற்றுகிறேன்.

மேற்குக்கரை | 3 ஜூலை 2023

சக்கையில் இருப்பது பெரும்பாலும் நார்தான், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்கவைக்கிற நுண்ணுயிருக்குத் தழைச்சத்து வேண்டும். எங்கே கிடைக்கும்? மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது. மேலே மூடாக்காகப் போட்டிருந்தால் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்தோலில் மட்டும்தான் இந்தச் சண்டை நடக்கும், கலந்துவிட்டதால் பாத்தி முழுக்க நடக்கிறது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், கலந்த பிறகு சொல்லி என்ன பயன் என்று விட்டேன்.

பயப்பட வேண்டாம், சில மாதத்தில் மக்கி அதே சத்து திரும்பி வரும். அதுவரை மக்கிய கோழி எரு இரண்டு கைப்பிடி, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வரிசை ஓரமாக. பச்சைக் கோழி எரு வேரைச் சுட்டுவிடும், இரண்டு மூன்று மாதமாவது குவித்து வைத்ததாக இருக்கட்டும்.

திரியோலே பெரியவர் | 4 ஜூலை 2023

செலவில்லாத பழைய வைத்தியம் ஒன்றும் உண்டு. பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் எழுதமாட்டேன்.

கியூர்ப்பீப் மழைக்காரி | 4 ஜூலை 2023

ஐயா சொல்ல வெட்கப்படுவது சிறுநீர் அக்கா. ஒன்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், இலையில் படாமல் வேரடியில். எங்கள் வீட்டிலும் அதுதான், விருந்தாளிக்குச் சொல்வதில்லை.

கல்லுமண் | 19 ஆகஸ்ட் 2023

பச்சை திரும்பிவிட்டது. எந்த வைத்தியம் என்று கேட்காதீர்கள்.

இப்போது வேறு தொல்லை. காலையில் போனால் பீன்ஸ் நாற்று இருந்த இடத்தில் குச்சி மட்டும் நிற்கிறது. நேற்று இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். மழை தூறி நின்றிருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கல் இடுக்கில் வெளிச்சம் பட்டதும் ஒரு கொம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இன்னொன்று. குனிந்து பார்த்தால் சுவர் முழுக்க நத்தை, ஒவ்வொன்றும் என் கட்டைவிரலைவிடப் பெரிது. ஒன்று கொத்தமல்லித் தண்டைக் கவ்விக்கொண்டிருந்தது, காதைக் கிட்டே வைத்தால் சரசரவென்று மெல்லுகிற சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டதும் வந்த கோபம் இருக்கிறதே! முப்பத்தேழு பொறுக்கினேன்.

நெல்லைத் தம்பி | 19 ஆகஸ்ட் 2023

உப்பைத் தூவுங்க அக்கா, உருகிப்போயிரும்.

கணக்குப்பிள்ளை | 19 ஆகஸ்ட் 2023

உப்பு கூடாது. நத்தை சாகும், மண்ணும் சாகும். ஆறடிப் பாத்தியில் உப்பு எங்கேயும் போகாது.

கையால் பொறுக்கினீர்களா? கையுறை போடுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த ஆப்பிரிக்க நத்தை எலியின் நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது. மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும். குழந்தைகளைத் தொடவிடாதீர்கள், பாத்திக் கீரையை இலை இலையாகக் கழுவுங்கள், பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

திரியோலே பெரியவர் | 20 ஆகஸ்ட் 2023

இது என் தப்பு. கல் சுவர் செலவில்லை என்று சொன்னேனே தவிர, குர்பாவுக்கு, அதாவது நத்தைக்கு, அது பங்களா என்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் காலத்தில் தாங் (முள்ளெலி மாதிரி ஒரு பிராணி) வந்து தின்றுவிட்டுப் போகும், இப்போது ரோஸ் ஹில்லில் தாங் எங்கே இருக்கிறது?

இடுக்குகளைச் சின்னக் கல்லும் களிமண்ணும் வைத்து அடையுங்கள். தண்ணீர் வடிய கீழ் வரிசையை மட்டும் விடுங்கள். சாயங்காலம் பாத்திப் பக்கத்தில் ஒரு பலகையைக் கவிழ்த்துப் போட்டு அடியில் பப்பாளித் தோல் வையுங்கள். காலையில் பலகையைத் திருப்பினால் எல்லாம் அங்கே இருக்கும். தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றுங்கள், இரவில் ஈரம் இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

கல்லுமண் | 24 செப்டம்பர் 2023

பலகை வைத்தியம் வேலை செய்கிறது. முதல் நாள் 22, போன வாரம் 3.

புரட்டாசி தொடங்கிவிட்டது, வீட்டில் கோவிந்தன் விரதம். நேற்று முதல் தடவையாக எங்கள் பாத்திக் கீரையில் பொரியல். மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "உப்பு கம்மி" என்றார். கொடிக்கயிறு கோபம் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு க்ரியோல் அம்மா மதில் மேலே எட்டிப் பார்த்துவிட்டு "கொதொமிலி நல்லா வந்திருக்கே" என்றார். நான் அவரிடம் இங்கே எல்லாரும் பேசுகிற க்ரியோல் மொழியில், அது தமிழ்ச் சொல் தெரியுமா என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எது தமிழ்? கொதொமிலி கொதொமிலிதான்" என்றார்.

நெல்லைத் தம்பி | 24 செப்டம்பர் 2023

எனக்கும் இது நடந்தது! வந்த புதிதில் சந்தையில் கறிவேப்பிலைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கையால் ஜாடை காட்டினேன். கடைக்காரர், "ஆ, கறிபுலே!" என்றார். ஒரே சந்தோஷம். முருங்கைக்கீரையை ப்ரெத் முரும் என்கிறார்கள். பீர்க்கங்காயைப் பிபெங்காய் என்கிறார்கள், அது மட்டும் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

கியூர்ப்பீப் மழைக்காரி | 25 செப்டம்பர் 2023

ப்ரெத் மார்த்தேன் என்று கட்டுக் கட்டாக விற்கிறதே, மணத்தக்காளிக் கீரைதான் அது. வாய்ப்புண்ணுக்கு எங்கள் அம்மா அதைத்தான் வைப்பார். பாத்தியில் தானாக முளைத்தால் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். ப்ரெத் சோஞ்ச் என்பது சேம்பு, அதைப் பாத்தியில் வைக்காமல் தண்ணீர் வடிகிற மூலையில் வையுங்கள். என் பாத்தியில் போட்டேன், இப்போது பாத்தியே அதனுடையது.

என் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் வராது, ஆனால் காய்கறிக்கடையில் பாதி தமிழ் அவனே பேசுகிறான் என்று சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

கல்லுமண் | 18 நவம்பர் 2023

பெரியவர் ஐயா சொன்னபடி செப்டம்பரில் பீர்க்கு போட்டேன். மூங்கில் பந்தல், ஆறடி உயரம். கொடி ஏறிவிட்டது, மஞ்சள் பூ சாயங்காலம் விரிகிறது. பிஞ்சுதான் விரல் நீளம் வந்ததும் ஒரு பக்கம் கோணி, பழுப்பாகி விழுகிறது. பிளந்து பார்த்தால் வெள்ளைப் புழு துள்ளுகிறது.

திரியோலே பெரியவர் | 18 நவம்பர் 2023

பழ ஈ. பிஞ்சில் ஊசி மாதிரி குத்தி முட்டை வைத்துவிடும், அப்புறம் எதைத் தெளித்தாலும் உள்ளே போகாது. பூ வாடி உதிர்ந்த அன்றே ஒவ்வொரு பிஞ்சுக்கும் பை மாட்டுங்கள். பழைய பருத்திச் சேலைத் துணியில் தைத்துக்கொள்ளலாம், அடியில் காற்றுப் போகட்டும். செய்தித்தாள் பை மழைக்கு நிற்காது.

விழுந்த பிஞ்சை எருக்குழியில் போடாதீர்கள், மேலோட்டமாகப் புதைக்கவும் வேண்டாம். புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி ஈயாக ஏறி வரும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டால் உள்ளேயே வெந்துவிடும்.

கல்லுமண் | 9 டிசம்பர் 2023

மாமியாரின் இரண்டு பழைய சேலை பந்தலில் தொங்குகிறது, பை பையாக. பார்க்கிறவர்கள் வேண்டுதலா என்று கேட்கிறார்கள். காய் ஏழு பறித்தாயிற்று.

கணக்குப்பிள்ளை | 13 ஜனவரி 2024

புயல் வருகிறது என்கிறார்கள். பந்தல் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். கொடியோடு நிற்கிற பந்தல் பாய்மரம் மாதிரி, மூங்கில் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்குப் போகும். முடிச்சை வெட்டிக் கொடியை அப்படியே பாத்தி மேல் படுக்கவைத்து, வலை போட்டு, ஓரத்தில் கல் வையுங்கள். காய் எவ்வளவு சின்னதானாலும் பறித்துவிடுங்கள். வாளி, பூவாளி, பலகை எல்லாம் உள்ளே.

கல்லுமண் | 17 ஜனவரி 2024

எல்லாரும் நலமா? பெலால் புயல் எங்களுக்குப் பொங்கலன்றே வந்தது. 15ஆம் தேதி பால் பொங்கியது அடுப்பங்கரையில், கதவைச் சாத்திக்கொண்டு. வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, நல்லதாயிற்று. போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

பாத்தி நிற்கிறது. கல் சுவரில் ஒரு மூலை மட்டும் பிதுங்கியிருக்கிறது. மழை விட்டு இரண்டு மணி நேரத்தில் மேல்மண்ணில் தண்ணீர் இல்லை, பின்பக்க லக்கூரில் இன்றைக்கும் கணுக்கால் அளவு நிற்கிறது. படுக்கவைத்த பீர்க்கு பிழைக்காது போலிருக்கிறது, தண்டு முறிந்துவிட்டது. வெண்டை சாய்ந்தது, குச்சி கட்டி நிமிர்த்தினேன். மூலையில் இருந்த சேம்பு ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது.

திரியோலே பெரியவர் | 17 ஜனவரி 2024

இரண்டு பப்பாளி விழுந்தது, வாழை ஐந்து படுத்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை.

மகளே, மண் ஈரமாக இருக்கும்போது பாத்தியில் கை வைக்காதீர்கள், இறுகிவிடும். நாலு நாள் விடுங்கள். மழை மேல் எருவையெல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும், ஓர் அங்குலம் புதிதாகப் போடுங்கள். உடனே கிடைக்க வேண்டுமென்றால் தண்டுக்கீரை விதையுங்கள், மூன்று வாரத்தில் கிள்ளலாம்.

மேற்குக்கரை | 18 ஜனவரி 2024

என் பள்ளப்பாத்தி குளமாகிவிட்டது. யாரும் சிரிக்க வேண்டாம்.

கியூர்ப்பீப் மழைக்காரி | 18 ஜனவரி 2024

தாமரை விதை அனுப்பட்டுமா அண்ணா?

கல்லுமண் | 28 ஜனவரி 2024

25ஆம் தேதி காவடி. புயலுக்குப் பிறகு சந்தையில் காய்கறி விலை கேட்டுவிட்டு ஆளுக்கு ஆள் திரும்பி வந்தார்கள். காவடி விருந்தின் ஏழு கறிக்கு எங்கள் வீட்டிலிருந்து போனது ஒரு கூடை சேம்பு இலையும் ஒரு கட்டு கறிவேப்பிலையும்தான். பெரிய காரியமில்லை. ஆனாலும் இலையில் அந்தக் கறியைப் பரிமாறும்போது, "இது எங்கள் லக்கூர்" என்று மாமியார் பக்கத்துப் பந்தியில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

பீர்க்கு மறுபடி போட வேண்டும், விதை எடுத்துவைக்கவில்லை.

நெல்லைத் தம்பி | 28 ஜனவரி 2024

மார்ச்சில் ஊருக்குப் போகிறேன் அக்கா, நாட்டுப் பீர்க்கு விதை அள்ளிக்கொண்டு வருகிறேன்.

கணக்குப்பிள்ளை | 28 ஜனவரி 2024

தம்பி, விதை கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். பெட்டியில் ஒளித்து வராதே, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். இல்லாத பூச்சியும் நோயும் அப்படித்தான் வந்து சேருகின்றன.

திரியோலே பெரியவர் | 29 ஜனவரி 2024

எதற்கு அவ்வளவு தூரம்? என்னிடம் கொடியிலேயே காய்ந்த பீர்க்கு இரண்டு இருக்கிறது, புயலுக்கு முன்னால் பறித்து வைத்தது. குலுக்கினால் கலகலவென்கிறது. சனிக்கிழமை காத்ர் போர்ன் சந்தைக்கு மருமகன் வருவான், பூக்கடை முன்னால் பத்து மணிக்கு. கூட்டைப் பிரித்து விதையை எடுத்துக்கொண்டு, நாரை உடம்பு தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள், குழிக்கு இரண்டு விதை. இப்போது போட்டால் மே மாதக் குளிர் வருவதற்குள் காய்த்து முடித்துவிடும்.

கல்லுமண் | 29 ஜனவரி 2024

வந்துவிடுகிறேன் ஐயா. மருமகனுக்கு என்னை அடையாளம் தெரிய, கையில் ஒரு கட்டு கொத்தமல்லி வைத்திருக்கிறேன். கடையில் வாங்கியதுதான், டிசம்பரில் விதைத்தது நீங்கள் சொன்ன மாதிரியே பூத்துவிட்டது.

அப்புறம், சந்தையில் நல்ல மண்வெட்டி எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேட்டுவிடுகிறேன். அது இன்னும் மடங்கித்தான் கிடக்கிறது.